சன்ஸ்கார் பனியில் கால்களுக்கு ஒரு கவசம்

நம் நாட்டில் காலணி என்பது வாசலோடு நின்றுவிடும் பொருள். கோயிலுக்குச் சென்றாலும், உறவினர் இல்லத்துக்குச் சென்றாலும், அதைப் படியருகே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நுழைவதே நமது வழக்கம். சித்திரை வெயிலில் கொதிக்கும் தரையிலிருந்தும், முள்ளிலிருந்தும் கல்லிலிருந்தும் பாதத்தைக் காத்துக்கொள்ளவே செருப்பு வேண்டும் என எண்ணிப் பழகியவர்கள் நாம். படுக்கப்போகும் நேரத்தில் கால்களுக்கெனத் தனியாக ஒரு காலணி வேண்டும் என்று யாரேனும் சொன்னால் நம் பாட்டிமார் நகைப்பார்கள். ஆனால் இறைவன் படைத்த இப்பரந்த உலகில், அத்தகைய காலணி இல்லாவிடில் கால்விரல்களையே இழக்க நேரிடும் இடங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் பாரத நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. லடாக்கைச் சேர்ந்த சன்ஸ்கார் பள்ளத்தாக்கே அது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாங்கள் ஐவர் அங்குச் சென்று வந்தோம். கண்ட காட்சிகளையும், குளிர்காலக் கூடாரத்தில் அணிய வேண்டிய காலணியைத் தேர்ந்தெடுப்பது குறித்து அங்குக் கற்றவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

லே நகரில்

தில்லியிலிருந்து புறப்பட்ட விமானம், வெண்பனி போர்த்திய இமயமலைத் தொடர்களைத் தாண்டி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் எங்களை லே நகரில் இறக்கியது. கடல் மட்டத்திலிருந்து 11,500 அடி உயரத்தில் உள்ள ஊர் அது. அங்குக் காற்று மெலிந்திருப்பதால் நான்கு படி ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. உடல் அவ்வுயரத்துக்குப் பழகும்வரை சில நாள்கள் தங்கி ஓய்வெடுத்து, மருத்துவப் பரிசோதனையும் முடித்த பின்னரே உறைந்த ஆற்றின்மீது நடக்க இசைவு தருகிறார்கள்.

ஓய்வு நாள்களில் லே கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்தோம். நரைத்த சடையும் சுருக்கம் விழுந்த முகமுமாய்ப் பாட்டிமார் சிலர் வெயிலில் அமர்ந்து கம்பளி நூல் திரித்துக்கொண்டிருந்தனர். 'ஜூலே' என்று வணங்கினால் அவர்களும் 'ஜூலே' என்று முகம் மலர்ந்து வாழ்த்துகிறார்கள். வயதான பெண்மணிகளை 'ஆமா-லே', அதாவது 'அம்மா' என்று அழைப்பது அங்கே மரியாதை. அத்தகைய ஆமா-லே ஒருவர் தாம் அணிந்திருந்த காலணியை எங்களுக்குக் காட்டினார். 'பாபு' என்பது அதன் பெயர். அடியில் தடித்த தோல்; மேலே கணுக்காலுக்கு மேல்வரை கம்பளி; முனை சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தது. விலைகொடுத்து வாங்கும் நவீனக் காலணிகளின் இலக்கணம் முழுவதும் அந்தப் பழங்காலணியில் அடங்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தோம்.

லே நகரின் மண்ணை மிதித்தபோது, நமக்கு முன் அவ்வழியே நடந்த மறைப்பணியாளர்களை நினையாமல் இருக்க இயலவில்லை. 1624-ஆம் ஆண்டில் சேசு சபைக் குருவாகிய அந்தோனியோ தெ அந்திராதே அடிகளார் இமயத்தின் மானா கணவாயைக் கடந்து மேற்குத் திபெத்தை அடைந்தார். முழங்காலுக்கு மேல் புதையும் பனியில் தம் கைகால்கள் உணர்வற்றுப்போன துன்பத்தை அவரே கடிதத்தில் விவரித்துள்ளார். அவருக்குப் பின், இத்தாலி நாட்டுச் சேசு சபைக் குருவாகிய இப்போலித்தோ தெசிதேரி அடிகளார் 1715-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் ஸ்ரீநகரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, பனி மூடிய கணவாய்களைத் தாண்டி, நாற்பது நாள் நடந்து சூன் 26-ஆம் நாள் இந்த லே நகரை அடைந்தார். அங்கிருந்து கடுங்குளிர்காலத்தில் மேற்குத் திபெத்தின் பாழ்வெளியைக் கடந்து 1716 மார்ச்சில் லாசா சேர்ந்தார்.

இவருக்கும் நம் தமிழகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். திபெத்தை விட்டு வந்தபின் தெசிதேரி அடிகளார் புதுச்சேரிக்கு வந்து, நம் தமிழ்மொழியையும் கற்றார். ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு இரத்தம் சிந்திய புனித அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் வேண்டி நடந்த முயற்சியின் பொருட்டு, 1727-இல் உரோமைக்குச் சென்றவரும் இவரே. லடாக்கின் பனியில் நடந்த அதே பாதங்கள் நம் மண்ணின் மணலிலும் நடந்திருக்கின்றன! இன்றைய காலணிகளும் உடைகளும் இல்லாத காலத்தில் அப்பாதங்கள் எத்துணை வேதனை அடைந்திருக்கும் என்று எண்ணி உள்ளம் உருகினோம்.

பனிப் போர்வையின்மீது

லே நகருக்கு மேற்கே நிம்மு என்னும் ஊரில் சன்ஸ்கார் ஆறு சிந்து நதியோடு கலக்கிறது. குளிர்காலத்தில் இவ்வாற்றின் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டிப் பாதையாகிறது. இதற்குச் 'சாதர்' என்று பெயர். 'போர்வை' என்பது அதன் பொருள். மலைப்பாதைகளைப் பனி மூடிய பின், பள்ளத்தாக்கின் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்தப் போர்வையே வழியாக இருந்தது. வெண்ணெயை விற்க வருவோரும், பிள்ளைகளை லே நகரப் பள்ளிகளில் சேர்க்க வரும் தந்தையரும் இதன்மீதே நடந்து வந்தார்கள். 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் நிம்முவிலிருந்து பதும் வழியாகத் தார்ச்சாவரை சாலை இணைக்கப்பட்டது. அச்சாலை வளர வளர, உறைந்த ஆற்றின்மீது நடக்க வேண்டிய தொலைவும் குறைந்து வந்துள்ளது.

இருபுறமும் செங்குத்தான பாறைகள். நடுவே நீலமும் வெண்மையும் கலந்த பனித்தளம். அதன் கீழே ஓடும் நீரின் மெல்லிய ஓசை. பகலிலும் கதிரவன் ஒளி பள்ளத்தின் அடிக்குச் சிறிது நேரமே எட்டுகிறது. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் அப்பால் இறங்குகிறது. சில இடங்களில் பனிக்கட்டியின்மீது நீர் வழிந்தோடும். அதனால் உள்ளூர் மக்கள் தோல் காலணியைவிட முழங்கால்வரை நீளும் ரப்பர் பூட்ஸையே விரும்புகிறார்கள். நாங்களும் அவ்வாறே செய்தோம். ரப்பர் வெளிநீரை உள்ளே விடாது. ஆனால் உள்ளே சுரக்கும் வியர்வையையும் வெளியே விடாது. மாலையில் கூடாரத்தை அடையும்போது காலுறை ஈரமாயிருக்கும். நடக்கும்வரை அது தெரியாது. நடை நின்ற பத்தாவது நிமிடத்தில் பாதம் கல்லாகிவிடும்.

இந்த வேளைக்காக உண்டானதுதான் கூடாரக் காலணி. ஆங்கிலத்தில் இதைப் 'பூட்டீஸ்' என்பர். மெத்தைபோல் திணிப்பு வைத்துத் தைத்த, கணுக்காலுக்கு மேல்வரை மூடும் மென்மையான உறை அது. ஈரப் பூட்ஸைக் கழற்றிய உடனே அணிந்து, உணவு உண்ணும்போதும், கூடாரத்துக்கு வெளியே சிறிது நடமாடும்போதும், உறங்கும்போதும்கூட அணிந்துகொள்ளலாம்.

கால் ஏன் முதலில் குளிர்கிறது?

கடுங்குளிரில் நம் உடல், குடும்பத் தலைவி பஞ்சகாலத்தில் செய்வதையே செய்கிறது. இருப்பதைச் சிக்கனமாக வைத்து, முதலில் காக்க வேண்டியதைக் காக்கிறது. இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்கு வேண்டிய சூட்டைக் காப்பதற்காகக் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. இதயத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள கால்விரல்களுக்குச் சூடான இரத்தம் குறைவாகவே செல்கிறது. போதாக்குறைக்குப் பாதம் எந்நேரமும் குளிர்ந்த தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வியர்வை ஈரம் சேர்ந்தால் சூடு இன்னும் விரைவாக வெளியேறுகிறது.

ஆகவே, நன்கு மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எந்தக் காலணியும் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடல் உண்டாக்கும் சூட்டை வெளியே போகாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. இதை உணர்ந்தவர்கள் கடையில் ஏமாற மாட்டார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, உள்ளே உள்ள திணிப்பு. வாத்தின் மென்மையான தூவியை உள்ளே வைத்துத் தைத்தவை மிக இலேசானவை. சிறிதாக மடித்து வைக்கலாம். உலர்ந்த குளிரில் இவற்றுக்கு இணையில்லை. ஆனால் தூவி நனைந்தால் குழைந்து கட்டியாகிச் சூட்டைக் காக்கும் ஆற்றலை இழந்துவிடும், உலரவும் நெடுநேரமாகும். தலையணையில் உள்ளதுபோன்ற பாலியஸ்டர் பஞ்சு வைத்தவை சற்றுக் கனமானவை. ஆயினும் ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், விரைவில் உலரும், விலையும் குறைவு. லடாக்கைப் போன்ற உலர்ந்த குளிருக்குத் தூவி ஏற்றது. ஈரப்பனி பெய்யும் இடங்களுக்கும், முதன்முறை செல்வோருக்கும் பஞ்சே நலம்.

இரண்டாவது, அடிப்பாகம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தூவியும் பஞ்சும் தம்முள் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால்தான் சூட்டைக் காக்கின்றன. உடலின் பாரம் அழுத்தும்போது உள்ளங்காலின் கீழுள்ள தூவி தட்டையாகிவிடுகிறது; காற்றுக்கு அங்கே இடமில்லை. எனவே மேற்பகுதி எவ்வளவு தடித்திருந்தாலும் பயனில்லை; தரையின் குளிர் நேரே ஏறிவிடும். ஆதலால் அடியில் நம் ஹவாய்ச் செருப்பைப் போல, அழுத்தினாலும் எளிதில் நசுங்காத நுரை ரப்பர் தகடு இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் விளங்கும். அதன் வெளிப்புறம் வழுக்காத ரப்பராயிருத்தலும் அவசியம். வெறுந்துணி அடியோடு பனிக்கட்டியில் கால் வைப்பவர் விழுவது உறுதி.

மூன்றாவது, அளவு. காலணி இறுக்கமாயிருந்தால் கால் சூடாயிருக்கும் என்பது தவறான எண்ணம். இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. காற்றுக்கும் இடமில்லாமல் செய்கிறது. எந்தக் கம்பளிக் காலுறையோடு அணியப்போகிறோமோ அதை அணிந்துகொண்டே அளவு பார்க்க வேண்டும். கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரம் அதற்கு ஏற்றது. விரல்களைத் தாராளமாக மடக்கி நீட்ட முடிய வேண்டும். இரண்டு காலுறைகளை நெருக்கித் திணிப்பதைவிடத் தடித்த ஒன்றைத் தளர்வாக அணிவதே மேல். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும்.

நான்காவது, உயரமும் கட்டும். கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடையேனும் ஏறி, அங்கே நாடாவால் சுருக்கக் கூடியதாயிருந்தால், சூடும் தங்கும், பனியும் உள்ளே புகாது. கையுறையைக் கழற்றாமலே அந்த நாடாவை இழுக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளுறை, வெளியுறை என இரண்டாகப் பிரியும் வகையும் உண்டு. வெளியுறையைக் கூடார வாயிலில் விட்டுவிட்டு, உள்ளுறையோடு உறங்கலாம். பனியும் மண்ணும் படுக்கைக்கு வாரா. நம் வீட்டு வாசல் வழக்கம் பனிநாட்டிலும் பொருந்துகிறது பாருங்கள்!

இத்தனையும் பொருந்திய தூவிக் காலணி இணை ஒன்று ஏறத்தாழ 300 கிராம் எடைதான் இருக்கும். இதன் மேற்துணி பெரும்பாலும் நைலான் ஆதலால், அடுப்புக்கோ நெருப்புக்கோ அருகில் கொண்டுசெல்லலாகாது, நொடியில் உருகிவிடும்.

இவ்விதிகள் எவையும் புதியன அல்ல. ஐரோப்பாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி இன மக்கள் தங்கள் தோல் காலணிக்குள் உலர்ந்த கோரைப்புல்லை மெத்தென அடைத்துக்கொண்டார்கள். ருசிய நாட்டுக் குடியானவர்கள் ஆட்டுக் கம்பளியை அடித்து இறுக்கிய 'வாலென்கி' பூட்ஸை அணிந்தார்கள். காற்றைச் சிறைப்பிடிப்பது, ஈரத்தை நீக்குவது, காலுக்கு இடம் விடுவது என்னும் மூன்றையும் ஏழை மக்கள் பள்ளிக்கூடம் இல்லாமலே கற்றிருந்தனர்.

குகையருகே ஓர் இரவு

நடையின் இரண்டாம் நாள் மாலை, ஆற்றோரத்தில் குகையொன்றின் அருகே கூடாரம் அடித்தோம். சுமை தூக்கி வந்த அன்பர்கள் குகைக்குள் சுள்ளிகளை எரித்துத் தேநீர் காய்ச்சினார்கள். இருள் கவியும் நேரத்தில், சன்ஸ்கார் பக்கமிருந்து ஒரு தந்தையும், ஒன்பது வயதிருக்கும் அவர் மகனும் வந்து சேர்ந்தார்கள். சிறுவனை லே நகரப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறாராம். வழியில் பனிக்கட்டியின்மீது ஓடிய நீரில் அவனுடைய பூட்ஸ் மூழ்கி உள்ளே நனைந்துவிட்டது. விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. 'வலிக்கிறதா?' என்று வழிகாட்டி கேட்டதற்கு, 'ஒன்றும் தெரியவில்லை' என்றான். வலி தெரியவில்லை என்பதே அஞ்ச வேண்டிய செய்தி.

எங்களுள் மூத்தவரான அம்மையார் உடனே தம் புதிய கூடாரக் காலணிகளைக் கழற்றி நீட்டினார். தந்தை அவற்றை வாங்கி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். 'நல்ல பொருள்தான். ஆனால் குளிர்ந்த காலுக்கு இது வெறும் பை. முதலில் கால் உயிர் பெறட்டும்' என்று அவர் கூறியதை வழிகாட்டி எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

பின் அவர் செய்ததை நாங்கள் மறக்க இயலாது. மகனின் ஈரக் காலுறையை உருவி, பாதங்களைத் துணியால் ஒற்றித் துடைத்தார், தேய்க்கவில்லை, நெருப்பருகே நீட்டவும் இல்லை. தம் 'கொஞ்சா' என்னும் கம்பளி அங்கியின் இடைக்கச்சையைத் தளர்த்தி, அந்த உறைந்த பாதங்கள் இரண்டையும் தம் வெறும் வயிற்றின்மீது வைத்து, அங்கியால் மூடி அணைத்துக்கொண்டார். பனிக்கட்டி போன்ற பாதங்கள் பட்டபோது அவர் உடல் ஒருமுறை குலுங்கியது. ஆயினும் அவர் மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ கதை சொல்லத் தொடங்கினார். அரைமணி நேரம் அசையாமல் அப்படியே இருந்தார். பின்னர் சிறுவன் விம்மி அழத் தொடங்கினான். நாங்கள் பதறினோம். தந்தையோ மகிழ்ந்தார். உணர்வு திரும்பும்போதுதான் வலிக்கும் அன்றோ! விரல்கள் சிவந்த பின், உலர்ந்த காலுறையை அணிவித்து, அதன்மேல் அம்மையாரின் காலணிகளை மாட்டிவிட்டார். அவை சிறுவனுக்கு மிகப் பெரியவை; எனினும் இரவு முழுவதும் அவன் கால்கள் சூடாகவே இருந்தன.

காலையில் தந்தை அவற்றைத் திருப்பித் தர வந்தபோது அம்மையார் ஏற்க மறுத்துவிட்டார். சற்று நேரம் தயங்கியவர், தம் மூட்டையை அவிழ்த்து, கல்போல் உலர்ந்த பாலாடைக் கட்டிகள் சிலவற்றை எங்கள் கைகளில் வைத்துவிட்டு, மகனோடு பனியின்மீது நடந்து மறைந்தார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

அத்தந்தை செய்தது மருத்துவ முறைக்கும் ஒத்ததே. குளிரால் உணர்வற்ற காலைப் பனியால் தேய்ப்பது பழைய மூடப்பழக்கம். தேய்த்தால் தசை சிதையும். உணர்வில்லாத காலை நெருப்பில் காட்டினால் வெந்துபோவதுகூடத் தெரியாது. தொடக்க நிலையில் மற்றொருவர் உடலின் சூடே சிறந்த மருந்து. விரல் உள்ளே வரை உறைந்து கடினமாகிவிட்டால் மருத்துவ உதவியை நாட வேண்டும். வெந்நீரில் வைப்பதாயின் 37 முதல் 39 டிகிரி வரை மட்டுமே சூடு இருக்கலாம். அதுவும் மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்தில்தான் செய்யத்தக்கது. ஒருமுறை உருகி மறுமுறை உறைந்தால் கேடு பன்மடங்காகும்.

நீரிழிவு நோயுள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் இரவுதோறும் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். படுக்கையில் வெந்நீர்ப் புட்டியைக் காலருகே வைத்துக்கொள்ளலாகாது. புகைபிடித்தல் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்குகிறது. மதுவோ சூடு தருவதுபோல் ஏமாற்றி, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடுகிறது. வயிறார உண்டு, ஈரக் காலுறையை மாற்றி, கால் சற்றுச் சூடாகும்வரை நடந்துவிட்டு, பின்னர்க் கூடாரக் காலணியை அணிந்து படுப்பதே முறை.

நம் குடும்பங்களுக்கு ஒரு சொல்

பனி நம் ஊரில் பெய்யாவிட்டாலும், நம் பிள்ளைகள் பனியில் நிற்கிறார்கள். 2016 பிப்ரவரியில் லடாக்கின் சியாச்சின் பனிமலையில் சரிவில் புதையுண்டு உயிர்நீத்த பதின்மர் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் தமிழக வீரரும் இருந்தனர். கனடாவிலும் நார்வேயிலும் குளிர்நாட்டு வாழ்வை ஏற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு அனுப்பும் பெட்டியில் ஊறுகாயோடு நல்ல கம்பளிக் காலுறை இணை ஒன்றையும் வைக்கத் தவறாதீர்கள். மலைப்பயணம் செல்லும் இளைஞர்கள் தங்களுக்குக் காலணி தேர்ந்தெடுக்கும்போது, தங்கள் சுமையைத் தூக்கி வரப்போகிறவரின் காலில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். நம் பெட்டியைச் சுமப்பவர் ஈரக் காலுறையோடு குகையில் உறங்க, நாம் மட்டும் தூவிக் காலணியோடு கூடாரத்தில் உறங்குவது கிறிஸ்தவ நெறியாகாது.

நம் ஆண்டவர் தம் சீடர்களிடம் விடைபெற்ற இரவில் அவர்களுடைய கால்களைக் கழுவினார். பெரிய வியாழனன்று ஆண்டுதோறும் அச்சடங்கைக் காண்கிறோம். உடலின் உறுப்புகளுள் மிகத் தாழ்ந்ததும், மிக உழைப்பதும், மிக எளிதில் மறக்கப்படுவதும் பாதமே. குடும்பத்திலும் அத்தகையோர் உண்டு. அவர்களுக்கு நாம் பொருள்களை அனுப்புகிறோம், பணம் தருகிறோம், நல்லதே. ஆனால் காலணி சூட்டைக் காக்குமேயன்றி உண்டாக்காது. உறைந்துபோன உள்ளத்தை முதலில் நம் நெஞ்சோடு அணைத்து உயிர்ப்பித்தால்தான், நாம் தரும் பொருள் அந்தச் சூட்டை இரவு முழுவதும் காத்து நிற்கும்.